செத்தெழுந்தவர்களை எதை வைத்துப் பிரிப்பது? மலையகக் கதைமேசைக்கு ஒரு பேய்ப்பட்டியல்

ஹட்டன் பக்கம் நாங்கள் சிலர் தமிழிலேயே ஆடுகிற மேசைக் கதை விளையாட்டுக்கு (ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவது) இப்போது ஒரு பேய்ப்பட்டியல் தேவைப்படுகிறது. கதை நடப்பது மலையகத்தைப் பார்த்துச் செய்த ஒரு கற்பனை நாட்டில். மூடுபனி, இயந்திரம் நின்றுபோன தேயிலை ஸ்டோர், காடேறிக் கிடக்கும் பழைய கோப்பி மலை, உச்சியில் பூட்டிய பங்களா எல்லாம் உண்டு. செத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்பதிலும் சண்டை இல்லை. அவர்களை எத்தனை வகையாகப் பிரிப்பது, என்ன பெயரில் கூப்பிடுவது என்று வரும்போதுதான் ஆளுக்கொரு திசை.

வெறும் பட்டியல் வேலை என்று தோன்றலாம். ஆனால் "இருட்டில் இன்னது நிற்கிறது" என்று கதைசொல்லி சொன்னவுடன், ஓடுவதா, வெட்டுவதா, பேசிப் பார்ப்பதா என்பதை அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஆடுகிறவர் முடிவு செய்கிறார். எந்தப் பிரிவு அந்த நேரத்தில் கைகொடுக்கிறது என்பதே என் அளவுகோல். அட்டவணையில் அழகாக இருப்பது இரண்டாம் பட்சம்.

ஏணி

பழைய வழி இதுதான், பலத்தை வைத்துப் படிப்படியாக அடுக்குவது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டில் செத்தெழுந்தவை வரிசையாகவே அறிமுகமாயின: ஸ்கெலிட்டன் (எலும்புக்கூடு), ஸோம்பி, கூல், வைட், ரைத், மம்மி, ஸ்பெக்டர், வேம்பயர். மதகுருப் பாத்திரம் இவற்றை விரட்ட இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டும். முதல் நிலை மதகுரு எலும்புக்கூட்டை விரட்ட 7 விழுந்தால் போதும், ஸோம்பிக்கு 9 வேண்டும், கூலுக்கு 11. வைட் வந்து நின்றால் உருட்டியே பயனில்லை, காலைத்தான் நம்ப வேண்டும். அடுத்த ஆண்டு இணைப்புநூலில் லிச் என்ற சாகாத மந்திரவாதியும் வந்து சேர்ந்தது.

ஏணியில் கதைசொல்லிக்கு லாபம் உண்டு. புதுப் பாத்திரங்கள் வந்தால் எதை, எத்தனை இறக்கலாம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். 2014 பதிப்பிலும் அந்தக் கணக்கு சவால் எண்ணாகத் தொடர்கிறது: எலும்புக்கூடும் ஸோம்பியும் கால், கூல் 1, வைட் 3, ரைத் 5, வேம்பயர் 13, லிச் 21.

எண் சொல்வது அவ்வளவுதான். 1999இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்ற கணினி விளையாட்டைப் பாருங்கள். அதில் பிணநகரத்துப் படைக்கு ஏழு படி. வைட்டை மேம்படுத்தினால் அது ரைத் ஆகிறது. டன்ஜன்ஸிலோ இரண்டும் வேறு வேறு பிறவிகள். வைட்டுக்கு உடம்பு உண்டு, ரைத்துக்கு இல்லை. எந்தப் பெயர் எந்தப் படியில் நிற்கிறது என்பது அந்தந்த விளையாட்டைச் செய்தவரின் வசதி, அவ்வளவுதான். ஸ்டோரில் சல்லடை வைத்துத் தூள் பிரிப்பதும் இப்படித்தான். துகளின் அளவு தெரிந்துவிடும், ருசி தெரியாது.

உடம்பும் புத்தியும்

உடம்பு இருக்கிறதா இல்லையா என்று பிரிப்பது நமக்குப் புதிதில்லை. பிணம் எழுந்து நடந்தால் ஒரு பயம், ஆவி அலைந்தால் வேறு பயம். விளையாட்டிலும் இது உடனே வேலை செய்கிறது. 2000இல் வந்த டன்ஜன்ஸ் மூன்றாம் பதிப்பில் உடம்பில்லாததைச் சாதாரணக் கத்தி தொடாது. மந்திரக் கத்தியானாலும் பாதிக்குப் பாதி தவறும். உடம்புள்ளதிலும் எலும்புக்கு ஒரு ஆயுதம், சதைக்கு ஒரு ஆயுதம். டையப்லோ 2 என்ற கணினி விளையாட்டில் கதாயுதம் செத்தெழுந்தவற்றின் மேல் 50% கூடுதலாக இறங்குவது ஞாபகம் இருக்கும்.

அதே மூன்றாம் பதிப்பு ஒரு எச்சரிக்கையும் தருகிறது. செத்தெழுந்தவை அத்தனையையும் ஒரே குடைக்குள் போட்டு, இவற்றுக்கு உயிர்நிலை கிடையாது, எனவே மர்ம அடி பலிக்காது என்று விதி எழுதிவிட்டார்கள். திருடன் பாத்திரத்தின் பிழைப்பே பின்னாலிருந்து குத்துவதுதான். கல்லறைக்குள் நுழைந்ததும் அவருக்கு வேலை போய்விடும். மற்றவர்கள் சண்டை போடும்வரை அவர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். வகை பெரிதாகப் பெரிதாக மேசையில் யாரோ ஒருவர் சும்மா உட்காருகிறார்.

உடம்பு வழியில் இன்னொரு சிக்கல், நடுவில் நிற்பவை. வேம்பயர் புகையாக மாறும். ரெவனன்ட் என்று ஒன்று உண்டு. தன்னைக் கெடுத்தவனைத் தேடி ஓராண்டு அலையும். உடம்பை அழித்தால் வேறொரு பிணத்துக்குள் ஏறிக்கொண்டு மறுபடி வரும். நம் வேதாளம் என்ன செய்கிறது? முருங்கை மரத்தில் தொங்குவது யாரோ ஒருவருடைய பிணம், உள்ளே இருந்து கதை சொல்வது வேறொன்று. இதற்கு உடம்பு உண்டு என்பதா, இல்லை என்பதா? அதனால் உடம்பு நல்ல துணைக்குறிப்பு, முதல் பிரிவாக நிற்காது.

புத்தி உண்டா இல்லையா என்ற பிரிவைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஒரே விளையாட்டே இதில் உறுதியாக இல்லை. மூன்றாம் பதிப்பில் எலும்புக்கூட்டுக்கு அறிவு எண்ணே கிடையாது, கோடு போட்டிருப்பார்கள். 2014 பதிப்பில் எலும்புக்கூட்டுக்கு 6, ஸோம்பிக்கு 3. உயிரோடிருந்தபோது தெரிந்த மொழியும் புரியும். ஆனால் 'புத்தியில்லாதது' என்று எழுதினால் மேசையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். யோசிக்காமல் வெட்டலாம் என்று அனுமதிச் சீட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். அரண்மனை நிலவறையில் அது பரவாயில்லை. நம் நாட்டுக் கதையில் யாருடைய எலும்பு அது என்ற கேள்வி வரும். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். மலையகத்தை அச்சாக வைத்த கதையில் காட்டுவழியில் எலும்புகள் எழுந்தால், அவை யார் என்று எங்கள் மேசையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாட்டன் பூட்டன் எலும்பைப் புள்ளிக்காக உடைக்க எனக்கு மனம் இல்லை. விளையாட்டுத்தானே என்று ஒரு தம்பி சொன்னான். விளையாட்டுத்தான், இருந்தாலும் இல்லை.

என்ன செய்கிறது என்பதை வைத்து

நான் ரொம்ப நேரம் ஆசைப்பட்டுப் பார்த்த வழி இது. நோய் போக்கச் செய்யும் தென்னிலங்கைச் சன்னி யகும சடங்கில் 18 சன்னிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய், அதற்கேற்ற முகமூடி. கொர சன்னி முடமாக்கும், கண சன்னி பார்வையைக் கெடுக்கும், பிஹிரி சன்னி காதை அடைக்கும், கொளு சன்னி வாயைக் கட்டும். கலிங்கத்துப்பரணியைத் திறந்தால் அங்கே பேய்களைப் பாட ஒரு தனிப் பகுதி. நொண்டிப் பேய், குருட்டுப் பேய், செவிட்டுப் பேய், ஊமைப் பேய் என்று அதே நான்கு குறைகளும் அங்கேயும் நிற்கின்றன. பரணியில் குறை பேய்க்கு, சன்னியில் பேய் அந்தக் குறையை மனிதருக்குக் கொடுக்கிறது. கடல் கடந்த தொடர்பு என்று நான் எதையும் நிறுவ வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சுகம், அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். மேல்நாட்டுப் பட்டியலிலும் கூலின் நகம் பட்டால் உடம்பு மரத்துப்போகிறது, மம்மி தொட்டால் சதை அழுகுகிறது, ஷேடோ பலத்தை உறிஞ்சுகிறது. ஆனால் பட்ட பிறகுதான் வகை தெரியும் என்பது பெரிய குறை. தூரத்தில் நிற்கும்போது ஆடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதோடு சன்னிகளும் பரணிப் பேய்களும் செத்த மனிதர்கள் இல்லை. அவை அப்படியே பிறந்த கூட்டம். நமக்கு வேண்டியது ஒரு காலத்தில் பெயரும் வீடும் இருந்தவர்கள்.

ஏன் எழுந்தது

கடைசியில் நான் நிற்பது இங்கே. காரணம் எளிது. மலையகத்தில் வளர்ந்தவர்கள் பேயைப் பற்றி ஏற்கனவே இப்படித்தான் விசாரிக்கிறார்கள். பேயோட்டுகிற கோடங்கி உடுக்கையைத் தட்டிக்கொண்டு கேட்பது என்ன? நீ யாரு, எங்கே பிடிச்ச, எதுக்கு வந்த, என்ன கொடுத்தா போவ? பலம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. உடம்பு இருக்கிறதா என்றும் கேட்பதில்லை.

மாசியில் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும் காமன் கூத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவன் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்து சாம்பலாகிறான், ரதி அழுகிறாள், பிறகு எழுப்பப்படுகிறான். அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்பது புராணம். செத்தான், எழுந்தான், பார்க்கும்படி உடம்பும் இல்லை. ஏணியோ உடம்புக் கணக்கோ போட்டால் மதனும் ஆவிப் பட்டியலில் வந்துவிடுவான். கூத்துப் பார்க்கிற ஒரு குழந்தைகூட அவனைப் பேய் என்று சொல்லாது. வரத்தால் எழுந்தவன் வேறு என்பது சொல்லாமலே தெரிகிறது.

ஆகவே என் பட்டியலில் ஐந்து வாசல்கள்.

ஏவல், அதாவது வேறொருவர் எழுப்பியது. எலும்புக்கூடும் ஸோம்பியும் பெரும்பாலும் இங்கே வரும். நம் கதையில் ஏவுகிறவன் கையில் மந்திரக்கோல் வேண்டாம், துண்டு என்ற சீட்டு போதும். கடன்பட்ட தொழிலாளியைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. எங்கள் கற்பனை நாட்டில் அது ஒழியவில்லை. செத்த பிறகும் கணக்குத் தீராததால் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்து நிற்கிறார்கள். வெட்டினால் மறுநாள் மறுபடி வருவார்கள். துண்டைத் தேடி எரித்தால் அந்த இடத்திலேயே படுத்துவிடுவார்கள். நான்கு பேர் வாளோடு நிற்க, கணக்கப்பிள்ளையின் அறைக்குள் நுழைந்து தாளைத் திருடுவதே பெரிய வேலையாகிறது. முன்பு பிஸ்கட் சாப்பிட்டவருக்கு வேலை கிடைத்துவிட்டது.

குறை என்பது ஆசையோ கடமையோ தீராமல் தங்கியது. ஆவி, ரெவனன்ட் எல்லாம் இங்கே. காட்டுப்பாதையில் விழுந்தவர்களையும் இதில்தான் வைக்கிறேன். இவர்களை ஆயுதத்தால் முடிக்க முடியாது என்பதே விதி. ஊருக்குச் சேதி சொல்ல வேண்டும், கூட வந்த பிள்ளை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், ஒரு பிடி சோறு வைக்க வேண்டும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே ஆட்டம். மதகுருவின் இடத்தில் கோடங்கிப் பாத்திரம் வருவதும் இதனால்தான்.

ஏய்ப்பு, சாவைத் தானே ஏமாற்றியது. லிச் இங்கே. அதன் உயிர் உடம்பில் இருப்பதில்லை, ஒளித்துவைத்த பெட்டியில் இருக்கும். உடம்பை நொறுக்கினாலும் சில நாளில் புது உடம்பு வந்துவிடும். எங்கள் கதையில் அது உச்சிப் பங்களாவின் துரை. உயிரை வைத்திருப்பது செக்ரோல் என்ற பெயர்ப்பதிவுப் புத்தகத்தில். அதில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரின் வாழ்நாளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்கிறார். இதற்கு மேல் சொன்னால் ஆடப்போகிறவர்களுக்கு முடிச்சு அவிழ்ந்துவிடும்.

தொற்று, கடித்துப் பரவுவது. புகுந்தது, வெளியிலிருந்து ஒன்று பிணத்துக்குள் ஏறியது. வேதாளம் கடைசியில் இங்கே நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. இவை இரண்டுக்கும் விளக்கம் அதிகம் வேண்டாம்.

இந்த வழிக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. காரணம் பார்த்தவுடன் தெரியாது. இருட்டில் நிற்பது ஏவலா குறையா என்று தெரியாமல் வெட்டிவிடுகிறவர் இருப்பார். அதனால்தான் உடம்புக் குறிப்பைத் துணைக்கு வைக்கச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிவதைக் கதைசொல்லி முதலில் சொல்லட்டும், காரணத்தை ஆடுகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஏணி எண் காகிதத்தின் பின்பக்கம், கதைசொல்லியின் கண்ணுக்கு மட்டும்.

பெயர்

அப்படியே ஒலிபெயர்த்து வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஸோம்பியும் வேம்பயரும் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும், அதை மாற்றிப் பண்டிதம் பேச வேண்டியதில்லை. மற்றவை தமிழ் எழுத்தில் பரிதாபம். கூல் என்றால் குளிர்ச்சி, வைட் என்றால் வெள்ளை, ரைத் என்றால் ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் "என்னது?" என்று கேட்க வைக்கிற பெயர் பேய்க்கு ஆகாது.

இலக்கியத்திலிருந்து எடுக்கலாம் என்பது அடுத்த யோசனை. கூளி, அலகை, கழுது, அணங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் மூன்றும் நிகண்டில் பேய்க்கு வேறு பெயர்கள்தான், தனித்தனி வகைகள் இல்லை. கூளி எலும்பு, அலகை ஆவி என்று நாமாகப் பிரித்தால் தமிழ் படித்தவர் சண்டைக்கு வருவார், படிக்காதவர் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரே ஒரு பழைய சொல்லைத் தலைமைப் பேய்க்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஊரில் வழங்கும் பெயர்களை எடுப்பதுதான் இயல்பு என்று தோன்றும். இங்கே நான் பிடிவாதம். முனி, மாடன், காட்டேரி எல்லாம் தோட்டத்தில் பேய்ப் பெயர்கள் மட்டுமில்லை, படையல் வாங்குகிற சாமிகள். ஸ்டோர் இயந்திரத்துக்குக் காவலாக ரோதை முனிக்கு வழிபாடு நடக்கும் மலை இது. சாமியின் பெயரை எழுதி, உயிர்ப்புள்ளி 45 என்று போட்டு, அடித்தால் பொற்காசு விழும் என்று எழுத முடியாது. எங்களில் ஒருவருடைய அப்பாயி பட்டியலைக் காதில் வாங்கிவிட்டு, "அந்தப் பேரையெல்லாம் ராத்திரியில சொல்லாதீங்கப்பா" என்றார். மகாசோனா என்ற சிங்களப் பேய்க்கும் இதே நியாயம். சண்டையில் தலை போன வீரனுக்குக் கரடித் தலை வைத்து எழுப்பிய கதை எந்தக் கதைசொல்லிக்கும் நாவூற வைக்கும். ஆனால் பக்கத்து ஊர்ச் சிங்களவர்களுக்கு அது வெறும் கதை இல்லை. வெளியே நிற்கட்டும்.

மிச்சம் இருப்பது இணைத்துச் செய்யும் பெயர். 1987இல் வந்த நெட்ஹேக் என்ற கணினி விளையாட்டு இதில் நல்ல ஆசான். திரையில் ஸோம்பிக்கு ஒரு எழுத்து, மம்மிக்கு ஒரு எழுத்து. அதன் முன்னால் எந்த இனத்துப் பிணம் என்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு துண்டிலேயே தெரிய வேண்டியது தெரிந்துவிடும். நாமும் முதல் சொல்லில் வாசலையும் இரண்டாவதில் கண்ணுக்குத் தெரிவதையும் வைக்கலாம். ஏவல் எலும்பன், ஏவல் பிணம், குறையாவி, தொற்றுப் பிணம். இரத்தம் குடிப்பதற்கு மட்டும் எனக்கு 'குருதியட்டை' பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில் கொழுந்து மலையில் இறங்கி ஏறியவருக்கு அதற்கு மேல் வர்ணனை வேண்டாம். லிச்சுக்கு 'சாகாத் துரை'. மம்மியை விட்டுவிடலாம், ஹட்டன் மழையில் எந்தப் பிணமும் காய்ந்து பதப்படாது.

காகிதம் இப்படி இருக்கும்: மேலே பெயர். கீழே மூன்று வரி, பார்வைக்கு எப்படி, எழுப்பியது யார் அல்லது எது, எதற்கு அடங்கும். பின்பக்கம் எண்கள். முதல் வரி எல்லோருக்கும் வாசித்துக் காட்டப்படும், மற்ற இரண்டும் மூடியிருக்கும்.

ஒரே ஒருவர் மட்டும் எந்த வாசலிலும் நுழையாமல் எங்களை இழுத்தடித்தார். மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார், கல்லறை நுவரெலியாவில். அந்தக் கல்லையும் மின்னல் விடவில்லை என்பது ஊர்ப்பேச்சு. இவரை அச்சாக வைத்து, பெயரை மாற்றி, ஒரு வேட்டைக்காரனைச் செய்திருக்கிறோம். அவனுக்கு ஆசை எதுவும் பாக்கி இல்லை, அவனை யாரும் கடிக்கவில்லை, சாவை ஏய்க்கவும் இல்லை. படுக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சாபம் என்று ஆறாவது வாசல் திறக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவனுக்காக ஒரு வகை வேண்டாம் என்று நான் அவனை ஏவலில் போட்டு, எழுப்பியது யார் என்ற வரியில் 'யானைகள்' என்று எழுதிவிட்டேன். எதற்கு அடங்குவான் என்ற வரி இன்னும் காலியாக இருக்கிறது. யோசனை இருப்பவர் அடுத்த ஆட்டத்துக்கு முன்பு சொல்லலாம்.